ஏழு என்று கேட்டவள்

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. என்னை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு சேதி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் என் வாய் வழியாக இரண்டு தடவை போய் வந்துவிடும் என்று என் அண்ணனே சொல்வான். சரி, நான் வாயாடிதான். ஆனாலும் அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எந்த ஊரில் இருந்தாலும் கிளம்பி வந்து அறைவாள். அவள் கை எப்படிப்பட்டது என்று பார்த்தவள் நான்.

ஆன்சன் ரோட்டில் கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. டெலக்ஸ் மெஷினை மூலையில் தள்ளிவிட்டு மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. பினாங்கு, கிள்ளான், சென்னை ஏஜெண்டுகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் சேதி போகும். மின்னஞ்சல் என்ற சொல் அப்போது எங்களுக்குத் தெரியாது. மெயில் என்போம், அவ்வளவுதான்.

முதல் நாள், என் மேசையில் உட்கார்ந்து, "பாஸ்வேர்ட் என்ன?" என்று பொதுவாகக் கேட்டேன். எதிர் வரிசையிலிருந்து குமார் என்ற கிளார்க், "ஆர்க்கிட் லா! ஆர்க்கிட்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். அடுத்த நொடி என் தலைக்கு மேலே ஏதோ பறந்தது. காகிதத்தில் ஓட்டை போடும் இரும்புக் கருவி. நேராகப் போய் குமாரின் புருவத்தில் விழுந்தது. தோல் கிழிந்து ரத்தம் சட்டைக் காலருக்கு வந்துவிட்டது.

எறிந்தவள் ஐந்தடிகூட இருக்க மாட்டாள். ஒல்லி உடம்பு, நைலக்ஸ் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. எழுந்துகூட நிற்கவில்லை.

"இன்னொரு தடவ அது வாயில வந்துச்சு, வாயிலயே போடுவேன்."

பிறகு திரைக்குத் திரும்பினாள். முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். அதற்கப்புறம்தான் மருந்துப் பெட்டியைத் திறந்து குமாருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்தாள். என்ன பொம்பளைடா இவள் என்று வாயடைத்துப் போனேன். நான் வாயடைத்துப் போவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

அவளை வேலையை விட்டுத் தூக்கவில்லையா என்று கேட்பீர்கள். அந்த மெஷின் படுத்துக்கொண்டால் எழுப்பத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பாலிடெக்னிக்கில் படித்தவள். மேனேஜருக்கு அவளைக் கண்டால் பயம். எங்களுக்கும்தான்.

அவளோடு நடந்தால் எப்போதும் அவளுடைய வலது பக்கம்தான் நடக்க வேண்டும். இடது காது கேட்காது. பஸ்ஸில் கடைசி இருக்கை, கோப்பிக் கடையில் சுவர் ஓரம், வாசலைப் பார்த்த நாற்காலி. நம்மைப் பார்த்துத்தான் பேசுவாள், ஆனால் கண் வாசலில் இருக்கும். "யாரத் தேடுறே?" என்று கேட்டால் "யாரும் வரலையான்னு பாக்குறேன்" என்பாள். இது என்ன பதில்? ஆனால் அதற்குமேல் ஒரு சொல் வராது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. என்னிடம் மட்டும் ஏன் ஒட்டினாள் என்று கேட்டேன். "உன்கிட்ட யாரும் எதயும் புடுங்க முடியாது. கேக்காததெல்லாம் கொட்டுவே. கேட்டது மட்டும் வராது" என்றாள். பாராட்டா, திட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கொஞ்ச மாதம் கழித்து மெயிலுக்குப் புது புரோகிராம் வந்தது. உள்ளே நுழைகிற ஆள் இன்னார்தான் என்று மெஷின் நம்புவதற்கு அதில் மூன்று வழி இருந்தது. எது வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். மேனேஜர் அறையில் அவள் விளக்கிச் சொன்னபோது நானும் இருந்தேன்.

முதல் வழி, பாஸ்வேர்டைத் தட்டினால் அது பச்சையாக டெலிபோன் கம்பியில் போகும். நடுவில் எவனாவது கம்பியில் காது வைத்தால் முடிந்தது கதை. இரண்டாவது வழியில், மெஷின் ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண்ணை அனுப்பும். நம் மேசைக் கம்ப்யூட்டர் அந்த எண்ணையும் நம் ரகசியத்தையும் சேர்த்து அரைத்து, அரைத்து வந்ததை மட்டும் பதிலாக அனுப்பும். ரகசியம் கம்பியில் ஏறவே ஏறாது. ஒட்டுக்கேட்டவனுக்கு இன்றைய பதில் கிடைக்கலாம், ஆனால் நாளைய கேள்வி வேறு. மூன்றாவது வழி, நாம் கூப்பிட்டதும் மெஷின் போனை வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த நம் ஆபீஸ் நம்பருக்குத் தானே திருப்பிக் கூப்பிடும்.

"ரெண்டாவது" என்றாள் அவள். "அதோட மூணாவதும் சேத்துப் போடுங்க."

மேனேஜர் தமிழர்தான், நல்ல மனுஷர், சோம்பேறி. "எதுக்குமா இவ்ளோ டிரபிள்? முதல் வழியே போதும் லா. எல்லாருக்கும் ஈஸி."

முதல் வழியே வைத்தார்கள். அடுத்த மாதமே பினாங்கு ஏஜெண்டின் பாஸ்வேர்டோடு ஒரு மெயில் வந்தது, கைக்கடிகாரப் பெட்டிகளை இந்த லாரிக்காரர்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று. கொடுத்துவிட்டார்கள். ஏற்றும்போது கிடங்கு வாட்ச்மேனுக்கு மட்டும் ஏதோ சந்தேகம். "இருங்க, ஒரு போன் போட்டுக் கேட்டுக்கிறேன்" என்றாராம். இரும்புக் குழாயால் இரண்டு முழங்காலையும் உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பினாங்கு ஏஜெண்ட் அந்த மெயிலை அனுப்பவே இல்லை. எவனோ கம்பியில் கேட்டு, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். கையில் வாட்ச்மேன் காலில் போட்டிருந்த ஒற்றைச் சப்பாத்து. உள்ளே ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. அதை அவருடைய சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவரு இனிமே நடக்க மாட்டாரு. உங்களுக்கு ஈஸியா இருக்கா?"

அன்றைக்கே இரண்டாவது வழிக்கு மாற்றினார்கள். ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. ஒரு கம்பெனி மெஷினுக்காகவா ஒருத்தி இப்படிக் கொதிப்பாள்?  அந்தக் கொதிப்பு கடிகாரப் பெட்டிக்காக இல்லை.

பதில் பிடோக்கில் இருந்தது. லிஃப்ட் நிற்காத மாடியில் அவள் வீடு. ஒரு மாடி மேலே போய் இறங்கி, படியில் கீழே வர வேண்டும். தாழ்வாரத்தின் கடைசி வீடு. வேண்டுமென்றே கேட்டு வாங்கியது, அவள் வாசலைத் தாண்டி யாரும் போக வேண்டியதில்லை என்பதற்காக. மகள் ஸ்டெல்லாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். சமையலறையில் சம்பல் இடித்துக்கொண்டே அவள் தன் கதையைச் சொன்னாள். குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று சொல்கிற குரலில் சொன்னாள். 

அவள் புருஷன் துறைமுகத்தில் சரக்கு கிளார்க். அவனுக்கும் இந்த மெஷின், மெயில் எல்லாம் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் அவன் குரல்தான் முதல் குரல். அவன் பாடினால் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள். வீட்டுக்கு வந்தால் அதே வாயால் ஜெபம் சொல்லிக்கொண்டே அடிப்பான். எவர்சில்வர் டிபன் கேரியரால் அடித்ததில் போனதுதான் அவள் காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, தோபாயோவில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். ஸ்டெல்லாவும் அவளும் கதவுக்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் பிள்ளை அந்தச் சொல்லைச் சொல்லும், தாய் திறப்பாள்.

"படிக்கட்டுல நின்னு கேட்டிருக்கான். அடுத்த நாள் கதவுல வாய வச்சு அதே சொல்ல ரகசியமா சொன்னான். ரகசியக் குரல்ல ஆம்பள என்ன, பிள்ள என்ன? நான் தொறந்துட்டேன்."

இடித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"இரும்புக் கேட்டுக்கு நடுவுல என் கைய வச்சு, கேட்ட இழுத்து இழுத்துச் சாத்துனான். எலும்பு வெளிய வர்ற வரைக்கும்."

"அட பாவி!" என்று நான் அலறிவிட்டேன். "நாசமாப் போறவன்!"

"கத்தாத. தாழ்வாரம் கேக்கும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சொல் கிடையாது, கணக்குதான். அவளுக்கும் ஸ்டெல்லாவுக்கும் மட்டும் தெரிந்த ஓர் எண். ஐம்பத்தெட்டு என்று வையுங்கள். அது இல்லை, சும்மா வையுங்கள். ஸ்டெல்லா தட்டினால், உள்ளே இருந்து அவள் "ஆறு" என்பாள். ஆறை ஐம்பத்தெட்டால் பெருக்கினால் முந்நூற்று நாற்பத்தெட்டு. நடுவில் நாலு. "நாலு" என்று வெளியே இருந்து பதில் வந்தால் கதவு திறக்கும். ஆறு, நாலு இரண்டையும் எவன் கேட்டாலும் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நாளைக்குக் கேள்வி மூன்றாக இருக்கும், ஒன்பதாக இருக்கும். ஆபீஸில் புது மெஷின் வருவதற்கு முன்பே இரண்டாவது வழி பிடோக்கில் நடந்துகொண்டிருந்தது.

அவளுக்கு வேலை முடிய நேரமாகும் நாட்களில் நான்தான் ஸ்டெல்லாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவேன். அதனால் எனக்கும் அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்கு ஸ்டெல்லாவையும் பக்கத்தில் நிறுத்தி, இருவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

"யாராவது உங்களப் புடிச்சு வச்சிக்கிட்டு தட்டச் சொன்னா, தப்பான பதில் சொல்லணும்."

ஸ்டெல்லா கேட்டாள். "தப்பா சொன்னா நீங்க கதவு தொறக்க மாட்டீங்களா மம்மி? அப்போ நான்?"

"தொறப்பேன். வெறுங்கையோட தொறக்க மாட்டேன்."

பிள்ளை சமாதானமாகத் தலையாட்டியது. 

அவளைப் பற்றி நல்லது மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது பொய். ஒரு நாள் ஸ்டெல்லா களைத்துப்போய் வந்து, கேள்வி கேட்டதும் வாசலில் நின்று வாய்விட்டுப் பெருக்கிவிட்டது. எண்ணைத் தாழ்வாரத்தில் சொல்லிவிட்டது. கதவு திறந்தது. பிள்ளையை உள்ளே இழுத்து, ஓங்கி ஓர் அறை. கீழுதடு பிளந்து வெள்ளைச் சீருடை முழுக்க ரத்தம். நான் பிள்ளையை இழுத்து என் பின்னால் நிறுத்திக்கொண்டு அவளைப் பிடித்துத் தள்ளினேன்.

"அவனுக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்?"

 அவள் போய் ஐஸ் கொண்டுவந்து உதட்டில் வைத்தாள். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் இல்லை. அடுத்த நாள் எண் மாறியிருந்தது. நான் வெகுநாள் அவளோடு பேசவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு குமாரோடு போய் உட்கார்ந்தேன். ஸ்டெல்லாவைக் கூட்டிவர ஆள் வேண்டியிருந்தபோது அவளே வந்து புது எண்ணை என் காதில் சொன்னாள். இன்று நினைத்தாலும் எனக்கு அந்த அறையின் மேல் கோபம்தான். கோபம் வேறு, பாசம் வேறு. இரண்டும் எனக்கு அவள்மேல் உண்டு.

இனி அக்டோபர் கதை. கத்தோலிக்கர்களுக்கு அது ஜெபமாலை மாதம். மாதா சொரூபம் தினமும் ஒரு வீட்டுக்குப் போகும். முந்தின நாள் வீட்டிலிருந்து எடுத்து, மெழுகுவத்தி பிடித்துப் பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எந்த நாள், எந்தப் புளோக், எந்த மாடி, யார் வீடு என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். மாதா வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும். அது வழக்கம். நான் இந்துவாக இருந்தாலும் எனக்கே தெரியும்.

அவள் வருஷா வருஷம் மாட்டேன் என்றுவிடுவாள். கோயிலில் அவளைப் பற்றி முணுமுணுப்பு. "மாதாவையே வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறா, அப்புறம் புருஷன எப்படி விடுவா?" அந்த வருஷம் ஸ்டெல்லா அழுதது. எல்லா வீட்டுக்கும் போகிறது, நம் வீட்டுக்கு மட்டும் ஏன் வரக்கூடாது என்று கேட்டு அழுதது. பிளந்த உதட்டின் தழும்பு அந்தப் பிள்ளை அழும்போது வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அவள் சம்மதித்தாள் என்று நினைக்கிறேன். ஜெபமாலைக் குழுவை நடத்தும் ரீத்தா அக்கா சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டார்.

பூசையில் அவள் முகவரியை வாசித்தார்கள். சிங்கப்பூரில் தமிழ்ச் சனம் எத்தனை பேர்? ஒரு கோயிலில் தும்மினால் இன்னொரு கோயிலில் கேட்கும்.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டில் கடலை அவித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, மாதாவை அழைத்துவரக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தது. பிள்ளைக்குத் துணையாக ரீத்தா அக்கா அங்கே இருந்தார். மரக்கதவு திறந்திருந்தது. இரும்புக் கேட் பூட்டியிருந்தது. சாவி அவள் கையில்.

பாட்டு படியில் இறங்கி வருவது கேட்டது. பிறகு மெழுகுவத்தி வெளிச்சம். முன்னால் ஸ்டெல்லா. அதற்குப் பின்னால் மல்லிகை மாலைக்குள் மாதா, மாதாவின் மேலிருந்து நீலப் பட்டுத்துணி தொங்கியது. தூக்கி வந்தவர் முகம் மாலைக்குப் பின்னால். வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. வந்தவர்களில் இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்தி என்று நினைத்தேன்.

பாட்டு நின்றது. ரீத்தா அக்கா முகமெல்லாம் சிரிப்பு.

"தொறம்மா. மாதா வந்திருக்காங்க."

அவள் திறக்கவில்லை.

"ஸ்டெல்லா" என்றாள். "ஏழு."

"என்னது?" என்றார் ரீத்தா அக்கா. பின்னால் சலசலப்பு. "மாதாவயே வாசல்ல நிறுத்திக் கேள்வி கேக்குறா பாரு!" என்று ஓர் ஆண் குரல். எனக்கே வெட்கமாகிவிட்டது. இன்றைக்குக்கூட வேண்டுமா இது என்று அவள் தோளைத் தொட்டேன்.

ஸ்டெல்லா கண் இமைக்காமல் தாயைப் பார்த்தது.

"மூணு" என்றது.

என் வாய் அனிச்சையாகப் பெருக்கியது. மூன்று இல்லை. இன்னொரு தடவை பெருக்கினேன். மூன்று இல்லவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பிள்ளை தடுமாறிவிட்டது என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் அந்த ஒரு நொடிகூட நினைக்கவில்லை. முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

"ஒரு நிமிஷம்கா. சாவி உள்ள இருக்கு."

சாவி அவள் கையில்தான் இருந்தது. சமையலறைக்குப் போய் வந்தாள். வலது கை முந்தானைக்குள். இடது கையால் பூட்டைத் திறந்தாள். கேட்டை வெளிப்பக்கமாக ஓர் உதை விட்டாள். கேட் மாதாவின் மேல் மோதியது. ஸ்டெல்லாவின் தலைமுடியைப் பிடித்து இழுத்து என் மேல் எறிந்தாள். முந்தானைக்குள்ளிருந்து சம்பல் இடிக்கிற கல்லுலக்கை வந்தது. முதல் அடி, பட்டுத்துணிக்குக் கீழே இருந்த கையில். இரண்டாவது அடி, மாலைக்குப் பின்னால் இருந்த முகத்தில். பல் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

மாதா கீழே விழுந்தது. தலை தனியாக உருண்டு தாழ்வார ஓரத்தில் போய் நின்றது.

"ஐயோ, மாதாவ ஒடைச்சிட்டா! மாதாவ ஒடைச்சிட்டா!" என்று ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அலறினார். ரீத்தா அக்கா அவள் கையைப் பிடித்துத் தொங்கினார். "மன்னிப்பு கேக்க வந்தாரும்மா! மாதாவ நானே தூக்கிட்டு வர்றேன்னு கீழ நின்னு அழுதாரும்மா! உன் புருஷன்மா!" அவர்தான் சொரூபத்தை அவன் கையில் கொடுத்திருக்கிறார். மாதாவோடு வந்தால் எந்த மனைவிதான் திறக்க மாட்டாள் என்று நினைத்திருக்கிறார். மகளும் தகப்பனும் ஒட்டி நடந்து வந்ததைப் பார்த்துத்தான் அந்தப் பெண்கள் அழுதிருக்கிறார்கள்.

அவன் முகமெல்லாம் ரத்தத்தோடு எழுந்தான். பட்டுத்துணிக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது. அதில் மீன் வெட்டும் கத்தி. அடிபட்ட கையிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறான். படி நெடுக அது ஸ்டெல்லாவின் விலாவில்தான் இருந்திருக்கிறது. ரீத்தா அக்கா அலறிக்கொண்டு அவள் கையை விட்டார். அதற்குள் கத்தி அவள் வயிற்றில் இறங்கிவிட்டது.

நான் போய் அவன் கழுத்தைப் பிடித்தேன். முழங்கையால் ஒரு குத்து விட்டான். என் முன்பல் போனது அன்றைக்குத்தான். அவள் வயிற்றில் கத்தியோடு நின்றுகொண்டே கல்லுலக்கையை ஓங்கினாள். விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தாள். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. நிறுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல விரும்பவும் இல்லை. கடைசியில் ஸ்டெல்லாதான் "மம்மி, போதும்" என்றது. நிறுத்தினாள். சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். என் வாயிலும் ரத்தம், அவள் வயிற்றிலும் ரத்தம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"போலீசுக்கு யாரு போன் பண்ணது?"

"பக்கத்து வீட்டு சீனப் பாட்டி."

"அவங்க திருப்பிக் கூப்பிட்டுப் பாத்தாங்களா?"

"சனியனே, வாய மூடு" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

இருவரும் பிழைத்தார்கள். அவளுக்குத் தையல், அவனுக்கு ஒரு கண் போய் ஜெயில். அவள் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டார்கள். கோயிலில் மட்டும் விடவில்லை. புதுச் சொரூபம் வாங்கினார்கள். பழைய சொரூபத்தின் தலைக்காக அழுத அளவுக்கு அவள் வயிற்றுக்காக ஒருவரும் அழவில்லை. ரீத்தா அக்கா மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து, பேசாமல் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

நான் ஸ்டெல்லாவிடம் தனியாகக் கேட்டேன். "அன்னைக்கு வேணும்னே தப்பா சொன்னியா, இல்ல பயத்துல கணக்கு வரலையா?"

"கணக்கு வந்துச்சு ஆன்ட்டி. முதல்ல சரியா போட்டேன். சரியான பதில் வாய்ல வந்துடக்கூடாதுன்னுதான் பயமா இருந்துச்சு."

அந்த வருஷக் கடைசியில் தாயும் மகளும் சிங்கப்பூரை விட்டுப் போனார்கள். எந்த ஊர் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கடிதம் போடாதே என்றாள், போடவில்லை. தேக்கா சந்தையில் எத்தனை பேர் கேட்டார்கள்! கேட்காததெல்லாம் சொன்னேன். கேட்டதை மட்டும் சொல்லவில்லை.

அவன் ஜெயிலிலிருந்து வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டது எண்பதுகள் முடியப்போகிற சமயம். யாரோ ஒரு கப்பல் ஏஜெண்டிடம் சின்ன வேலையில் இருக்கிறானாம். கேள்விப்பட்டதிலிருந்து நான் தெருவில் திரும்பித் திரும்பிப் பார்த்து நடந்தேன். கோப்பிக் கடையில் சுவர் ஓரம் உட்கார ஆரம்பித்தேன்.

அப்போது ஒரு நாள் காலையில் ஆபீஸ் திரையில் எனக்கு ஒரு மெயில். அனுப்பிய பெயர் இல்லை. ஏதோ ஏஜெண்ட் மேசை வழியாக வந்திருந்தது. உள்ளே ஒரே ஓர் இலக்கம்.

7

 அவள்! உயிரோடு இருக்கிறாள், என்னை மறக்கவில்லை, நான்தானா என்று கேட்கிறாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விரல் பதிலின் மேல் போய்விட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது.

அன்றைக்குத் தாழ்வாரத்தில் "ஏழு" என்று அவள் கேட்டதை நான் மட்டுமா கேட்டேன்? வாசலில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மாலைக்குப் பின்னால் நின்று அவனும்தான் கேட்டான். ஒரு தடவை கேட்டதைத் திருப்பிச் சொல்வது அவனுக்குப் புதிதா? அவனிடம் நான் சரியான பதிலைக் கொடுத்து, அவள்தான் என்று நம்பி, ஸ்டெல்லா எப்படி இருக்கிறாள், அந்த ஊரில் பள்ளி எப்படி என்று வழக்கம்போல் வாயைத் திறந்துவிட்டால்?

கையை எடுத்துவிட்டேன். ஏழுக்குப் பதில் போடவில்லை. அதற்குப் பதிலாக நான் ஓர் எண்ணை அனுப்பினேன். நாலு. எழுதினது அவ்வளவுதான்.

அன்று முழுக்கத் திரையில் ஒன்றும் வரவில்லை. அவன்தான், அவனேதான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. குமார் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. மேசை மேலிருந்த அந்த இரும்பு ஓட்டைக் கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பதில் வந்தது. முதல் வரியில் ஓர் இலக்கம். பெருக்கிப் பார்த்தேன். நடு இலக்கம் சரியாக இருந்தது. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழ்.

"ஏழுக்கு நீ பதில் சொல்லியிருந்தா, நேரா வந்து அறைஞ்சிருப்பேன். பொண்ணு நல்லா இருக்கா. இப்ப நீ கேளு, என்ன வேணும்னாலும் கேளு."